தெப்பம் கரை சேர்ந்தது, கொள்கை சேர்ந்ததா?

“ஆறு பேர் மரத்தெப்பத்தில் பசிபிக்கையே கடந்து காட்டிய பிறகும் தோர் ஹெயர்டாலின் கொள்கையை அறிஞர்கள் ஏற்காதது பொறாமையால்தானே? இப்போது மரபணு ஆய்வு அவர் சொன்னதே சரி என்று காட்டிவிட்டதாமே?” என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, “கட்டுமரம் கண்ட நாமும் அப்படிப் போயிருக்க மாட்டோமா?” என்று கடைசியில் ஒரு கொக்கியும் போட்டிருக்கிறீர்கள். பசிபிக்கின் நடுவிலுள்ள பொலினீசியத் தீவுகளில் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களே முதலில் குடியேறினார்கள் என்பதுதான் ஹெயர்டாலின் கொள்கை. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு பயணத்தை இன்று செய்து காட்டினால், அது அன்று நடந்தது என்று ஆகிவிடுமா?

பதிலுக்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தெட்டு ஆண்டுகள் வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிச் சொல்வது அனுபவத்திலிருந்து. தொல்லியலும் மொழியியலும் ஓய்வுக்காலத்தில் விடாமல் படித்தவை. மரபணு ஆய்வுகளில் முடிவுகளைப் புரிந்துகொள்ள முடிகிறது, கணக்கு முறைகளை எடைபோடும் தகுதி எனக்கு இல்லை. அந்த அளவுக்கு என்னை நம்பினால் போதும்.

ஹெயர்டால் 1914இல் நார்வேயின் லார்விக் ஊரில் பிறந்தவர். சிறுவயதில் நீரில் மூழ்கப் பார்த்ததால் தண்ணீர் என்றாலே அஞ்சியவர். படித்தது விலங்கியலும் புவியியலும். 1937இல் புதுமனைவியுடன் பொலினீசியாவின் மார்க்கேசாஸ் தீவுகளில் ஒன்றான ஃபாட்டு ஹிவாவுக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கினார். விலங்குகள் தனித்தீவுகளுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று ஆராயத்தான் போனார். அங்கே மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. ஆண்டில் பெரும்பகுதி அலையும் காற்றும் மேகமும் கிழக்கிலிருந்தே வருவதை அங்கே கண்ணாரக் கண்டார். டெய் டெட்டுவா என்ற முதியவர் ஓர் இரவு, தம் முன்னோரை டிக்கி என்ற தலைவன் கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலத்திலிருந்து அழைத்து வந்ததாகக் கதை சொன்னார். கிழக்கே பெருநிலம் என்றால் தென் அமெரிக்கா. அந்த இரவில் முளைத்த எண்ணத்தை அவர் சாகும்வரை விடவில்லை.

போருக்குப் பிறகு கையெழுத்துப்படியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்க அறிஞர்களிடம் போனார். பெருவின் பழங்குடிகளிடம் கப்பலே இல்லையே என்றார்கள். தெப்பம் இருந்ததே என்றார் இவர். அப்படியானால் பால்சா என்ற இலேசான மரத்தால் கட்டிய தெப்பத்தில் நீரே போய்ப் பாரும் என்றார் ஒருவர். இவர் போய்விட்டார்.

கோன்-டிக்கி என்று பெயரிட்ட அந்தத் தெப்பம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய உண்மையான வெற்றி அங்கேதான் இருக்கிறது. ஈக்வடார் காட்டில் வெட்டிய ஒன்பது பெரிய பால்சா மரங்கள். ஆணி கிடையாது, கம்பி கிடையாது, சணல் கயிற்றுக் கட்டு மட்டும். பெயரைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தால் அது நம் கட்டுமரமேதான். பாருங்கள் வேடிக்கையை: ஆங்கிலக்காரர்கள் நம் சொல்லை எடுத்துக்கொண்டுபோய் பொலினீசியரின் இரட்டை உடல் படகுக்குச் சூட்டினார்கள், உண்மையில் கட்டி மிதக்கவிட்ட மரமோ ஹெயர்டாலுடையது. நிபுணர்கள் இரண்டு ஆபத்துகளைச் சொன்னார்கள். ஒன்று, மரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கயிற்றை இரண்டு வாரத்தில் அறுத்துவிடும். இரண்டு, பால்சா கடல்நீரைக் குடித்து மூழ்கிவிடும். இரண்டாவது பயம் எங்கள் ஊர் மீனவருக்கு நன்றாகத் தெரிந்தது. கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக உலரவிடுவார்கள்; இல்லையென்றால் நீர் ஏறிக் கனத்துவிடும். நடுக்கடலில் நூறு நாள் எங்கே உலர்த்துவது? ஹெயர்டாலே ஒருநாள் யாரும் பார்க்காதபோது மரத்திலிருந்து ஒரு சிம்பைப் பெயர்த்துக் கடலில் போட்டுப் பார்த்தார்; அது மெல்ல மூழ்கியது. ஆனால் ஊறியது மேல்பகுதி மட்டும்தான். பச்சையாக வெட்டிய மரத்தின் உள்ளிருந்த சாறு கடல்நீரை மேலும் ஏறவிடாமல் தடுத்தது. கயிறும் அறுபடவில்லை, மென்மையான மரத்துக்குள் கயிறு தானே பள்ளம் பறித்துப் பதிந்துகொண்டது, மரமே அதற்கு உறையாகிவிட்டது. மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. செய்து பார்த்தால் மட்டுமே தெரியும் அறிவு இது.

1947 ஏப்ரல் 28இல் பெருவின் கயாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 101 நாள்கள், ஏறத்தாழ 6,900 கிலோமீட்டர். ஆகஸ்ட் 7இல் பொலினீசியாவிலுள்ள டுவாமோட்டுத் தீவுக்கூட்டத்தின் ராரோயியாப் பவளப் பார் மீது மோதி உடைந்தது. ஆறு பேரும் பிழைத்தார்கள். கணக்கிட்டால் சராசரி வேகம் மணிக்கு ஒன்றரைக் கடல் மைல், ஒரு மனிதன் சாவகாசமாக நடக்கும் வேகம். இதை நான் நம்புவதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. ஒருமுறை கயாவோவிலிருந்து பனாமா நோக்கிப் போகும் வழியில் எங்கள் கப்பலின் எஞ்சின் நின்றுபோய்ப் பத்தொன்பது மணி நேரம் கடலில் கிடந்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். உதிரிப்பாகத்தில் மிச்சம் பிடிக்கும் முதலாளிகள் எல்லாக் கொடியின் கீழும் இருக்கிறார்கள். எஞ்சின் மறுபடி உயிர்பெற்றபோது இடத்தைக் குறித்துப் பார்த்தேன்: இருபது கடல் மைலுக்கு மேல் வடமேற்கே போயிருந்தோம், ஒரு சுக்கானையும் தொடாமல். ஹம்போல்ட் நீரோட்டம் என்று வரைபடத்தில் அம்புக்குறியாகப் பார்ப்பது வேறு, அதன் முதுகில் ஏறிப் போவது வேறு. நீரோட்டத்தை எங்கள் ஊரில் நீவாடு என்பார்கள். அதோடு சண்டை போடக் கூடாது என்பதுதான் கடலில் இறங்கும் பிள்ளைக்கு முதல் பாடம்.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பழைய பெருவியரின் தெப்பம் போன்ற ஒன்று பொலினீசியாவை அடைய முடியும். இதில் எனக்கு ஐயமே இல்லை. பிறகும் பலர் தெப்பத்தில் போனார்கள். 1973இல் மூன்று தெப்பங்கள் சேர்ந்து ஈக்வடாரிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்குமே போயின. அந்தக் கரையில் ஐரோப்பியருக்கு முன்பே பாய்த்தெப்பம் இருந்ததற்கும் சான்று உண்டு. 1526இல் ஸ்பானிய மாலுமி பார்த்தொலொமே ரூயிஸ், பருத்திப் பாய் விரித்த பெரிய சரக்குத் தெப்பம் ஒன்றை நடுக்கடலில் எதிர்கொண்டார்.

‘முடியும்’ என்பதற்கும் ‘நடந்தது’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம் அந்தப் பயணத்துக்குள்ளேயே தெரிகிறது. தெப்பத்தை முதலில் ஒரு கடற்படை இழுவைக்கப்பல் கரையிலிருந்து சுமார் 50 மைல் இழுத்துக்கொண்டுபோய் விட்டது. துறைமுகப் போக்குவரத்தைத் தவிர்க்க அது தேவைப்பட்டது, குற்றமில்லை. ஆனால் கரையோரம் கிடந்து போராடும் கட்டத்தை அவர்கள் கடந்து காட்டவில்லை. கையில் வரைபடம், இடம் கண்டறியும் செக்ஸ்டன்ட் கருவி, வானொலி, ஆயிரம் லிட்டருக்கு மேல் குடிநீர், ராணுவ உணவுப் பொட்டலங்கள் எல்லாம் இருந்தன. இதைவிட முக்கியமானது, தெப்பம் அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அறுவரில் ஒருவரான ஹெர்மன் வாட்சிங்கர் கடலில் தவறி விழுந்தபோது தெப்பத்தைத் திருப்பவோ நிறுத்தவோ முடியவில்லை. இன்னொருவரான க்னூட் ஹாவ்க்லண்ட் இடுப்பில் கயிற்றோடு குதித்துத்தான் அவரைக் காப்பாற்ற முடிந்தது. அங்காட்டாவு என்ற தீவை நெருங்கியபோது ஊர்க்காரர்களே படகில் வந்து இழுத்துப் பார்த்தார்கள்; ஆனாலும் காற்று தெப்பத்தைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டது. வேண்டிய தீவில் இறங்க முடியாத கலத்தில் விதையும் விலங்கும் குடும்பமும் ஏற்றிக்கொண்டு யார் குடியேறப் புறப்படுவார்கள்? வழிதவறியவர்கள் ஒதுங்கலாம். ஒரு பெருங்கடலின் மக்கள்தொகை அப்படி உருவாகாது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மரங்களுக்கிடையே செருகும் குவாரா என்ற பலகைகளை ஏற்றி இறக்கித் தெப்பத்தைத் திசைதிருப்பலாம் என்பதை ஹெயர்டால் பின்னர் ஈக்வடாரில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டார். 1947இல் அந்த வித்தை அவர்களுக்குத் தெரியாது.

அறிஞர்கள் மறுத்ததற்குப் பெரிய காரணம் தெப்பத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. மலேசியாவில் வளர்ந்த தமிழர் யாராவது இதைப் படித்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மலாயில் ஐந்துக்கு ‘லிமா’, கண்ணுக்கு ‘மாத்தா’. சமோவாவிலும் ஐந்து ‘லிமா’தான். நியூசிலாந்தின் மவோரியிலும் ஈஸ்டர் தீவின் ரப்பா நூயியிலும் ஐந்து ‘ரிமா’, கண் ‘மாத்தா’. தைவானிலிருந்து மடகாஸ்கர் வரை, ஹவாய் வரை ஒரே ஆஸ்ட்ரோனேசிய மொழிக்குடும்பம். தென் அமெரிக்க மொழி எதுவும் இதில் சேராது. லப்பீட்டா எனப்படும் புள்ளிக்கோலப் பானைகள் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கிலிருந்து டோங்கா, சமோவா வரை தீவு தீவாக வந்து சேர்ந்ததை மண்ணைத் தோண்டிக் காட்டியிருக்கிறார்கள். பன்றி, நாய், கோழி, சேம்பு, வாழை எல்லாமே ஆசியப் பக்கத்துச் சரக்கு. இவ்வளவையும் ஒரு தெப்பம் அடித்துக்கொண்டு போய்விட முடியாது.

“கிழக்கிலிருந்து காற்றடிக்கும் கடலில் மேற்கிலிருந்து எப்படிப் போவார்கள்?” என்பது ஹெயர்டாலின் வலுவான கேள்வி. நிலத்தில் நின்று பார்த்தால் நியாயமாகத் தோன்றும். பாய்மரத்தில் போகிறவனுக்குத் தலைகீழ். தெரியாத கடலில் தேடிப் போகும்போது எதிர்க்காற்றில் முன்னேறுவதுதான் பாதுகாப்பு. நிலம் கிடைக்காவிட்டால் பாயைத் திருப்பினால் காற்றே வீட்டில் கொண்டுவந்து விடும். காற்றோடு போனவனுக்குத்தான் திரும்பும் வழி அடைபடும். தவிர, ஆண்டின் சில வாரங்களில் கிழக்குக் காற்று ஓய்ந்து மேலைக் காற்று வீசும். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். 1976இல் ஹொக்குலேயா என்ற இரட்டை உடல் பாய்ப்படகு ஹவாயிலிருந்து டஹிட்டிக்குப் போனது. சடவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக், விண்மீனையும் அலையின் புரளலையும் பறவையையும் மட்டும் பார்த்து ஒரு கருவியும் இல்லாமல் வழி நடத்தினார். குறித்த தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோன்-டிக்கிக்கு இருந்த பெயரில் பத்தில் ஒரு பங்கு கூட அவருக்கு நம்மிடையே இல்லை. ஒரு கடலோடியாக எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஹெயர்டாலின் கொள்கையில், பெருவிலும் பசிபிக்கிலும் நாகரிகத்தைக் கொண்டுவந்தவர்கள் தாடி வைத்த வெள்ளைநிற மக்கள் என்ற பகுதியும் இருந்தது. பயணக் கதையில் மயங்கும் நாம் அதை எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பொலினீசியர் தம் கடலைத் தாமே கடந்தார்கள், தம் சிலைகளைத் தாமே செதுக்கினார்கள் என்பதை அது அவர்களிடமிருந்து பறிக்கிறது. அதற்குச் சான்று எதுவும் வரவில்லை. எனவே பொறாமை என்ற உங்கள் சொல்லை நான் ஏற்கமாட்டேன். மறுத்தவர்களிடம் செருக்கு இருந்திருக்கலாம், ஆனால் காரணமும் இருந்தது.

இனி மரபணு. 2020இல் வெளியான ஆய்வு, பசிபிக் தீவினரும் அமெரிக்கப் பசிபிக் கரையின் பழங்குடியினருமாக 807 பேரின் மரபணுவை ஒப்பிட்டது. கிழக்குப் பொலினீசியரிடம் அமெரிக்கப் பழங்குடிக் கலப்பு இருக்கிறது, அது ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்னரே, சுமார் 1200ஆம் ஆண்டையொட்டி நேர்ந்தது என்றது. மிகப் பழைய தடயம் எங்கே தெரியுமா? தெற்கு மார்க்கேசாஸில், சுமார் 1150. ஹெயர்டால் கிழக்குக் காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஃபாட்டு ஹிவா அந்தத் தெற்குக் கூட்டத்துத் தீவுதான். ஆனால் நெருங்கிய உறவு பெருவோடு இல்லை, இன்றைய கொலம்பியாப் பக்கத்து மக்களோடு. 2024இல் ரப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவின் முன்னோர் 15 பேரின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணு, பத்தில் ஒரு பங்கு அளவு அமெரிக்கக் கலப்பைக் காட்டியது. காலம் 1250க்கும் 1430க்கும் இடையில். அந்தத் தீவை ஐரோப்பியர் முதலில் கண்டது 1722இல். தொடர்பு இருந்தது என்பதை இனி யாரும் கேலி செய்ய முடியாது. அந்த ஒரு விஷயத்தில் ஹெயர்டால் தம்மை எள்ளியவர்களைவிட உண்மைக்கு அருகில் நின்றார். ஆனால் பத்தில் ஒன்பது பங்கு மேற்கிலிருந்து வந்ததையும் அதே எலும்புகள்தான் சொல்கின்றன. அவர் கண்ட அடித்தளம் அமெரிக்கா. மரபணு காட்டுவது ஒரு சந்திப்பு.

அந்தச் சந்திப்பு யாருடைய கலத்தில் நடந்தது என்பது இன்றும் தீராத வழக்கு. அமெரிக்கத் தெப்பம் ஒன்று காற்றில் ஒதுங்கியிருக்கலாம். பொலினீசியர் அமெரிக்கா வரை போய்த் திரும்பியிருக்கலாம். எந்தத் தீவுக்கும் போய்த் திரும்பத் தெரிந்தவர்கள் என்பதால் என் மனம் இரண்டாவதின் பக்கம் சாய்கிறது, ஆனால் இது சாய்வுதான், சான்று இல்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இதே வழக்கில் ஒரு சாட்சி. அமெரிக்கச் செடி அது. குக் தீவுகளில் ஐரோப்பியருக்கு வெகு முன்பான கரிந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மவோரியில் அதன் பெயர் ‘குமரா’, ஆண்டிஸ் மலைப்பகுதியிலும் அதையொத்த பெயர்கள் உண்டு. விதையாகத் தானே மிதந்துபோனது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். பெயரும் கூடவே மிதந்ததா என்று நான் கேட்பேன். (நம் குமரனை இதில் கோத்து யாராவது எழுதியிருப்பார்கள். தயவுசெய்து அதைப் பகிர வேண்டாம்.)

மற்ற பயணங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1955–56இல் ஈஸ்டர் தீவுக்கு முறையான தொல்லியலாளர்களை அழைத்துப் போனது அவருடைய பெரிய பங்களிப்பு என்பேன். அங்கே உள்ளூர்க்காரர் பன்னிரண்டு பேர் மரக்கழியும் கல்லும் வைத்தே ஒரு சிலையைப் பதினெட்டு நாளில் நிமிர்த்திக் காட்டினார்கள். அவர்கள் யாருடைய வாரிசுகள் என்ற கேள்விக்கு அதுவே விடை, ஹெயர்டால் கவனித்தாரோ இல்லையோ. 1969இல், எகிப்தியர் அமெரிக்காவை எட்டியிருக்க முடியும் என்று காட்ட, மொரோக்கோவின் சஃபியிலிருந்து பாப்பிரஸ் கோரைப் படகு ‘ரா’ புறப்பட்டது. எகிப்தியச் சுவரோவியங்களில் படகின் வளைந்த வாலிலிருந்து தளத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். வளைவு அழகுக்காக, கயிறு வளைவுக்காக என்று நினைத்து அதை விட்டுவிட்டார்கள். நடுக்கடலில் பின்பகுதி தொய்ந்து தண்ணீரில் இறங்கியபோதுதான், அந்த வால் அலையோடு தளத்தை வளையவிட்டு மீளச்செய்யும் வில் என்று புரிந்தது. கரீபியத் தீவான பார்படோசை எட்டும் முன்பே கைவிட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு தென் அமெரிக்காவின் டிட்டிக்காக்கா ஏரியின் ஐமாரா மக்கள் கட்டிய ‘ரா 2’ 57 நாளில் பார்படோசை அடைந்தது. அவருடைய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது தோற்றுப்போன முதல் ‘ரா’தான். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓவியன் கயிற்றைச் சும்மா வரையவில்லை என்று அது கற்றுக்கொடுத்தது. எகிப்தியர் அமெரிக்கா போனார்கள் என்பதற்கோ இன்றுவரை ஒரு சான்றும் இல்லை.

1977இல் ஈராக்கில் கட்டிய ‘டிக்ரிஸ்’ என்ற கோரைப் படகு பஹ்ரைன், ஓமன், சிந்துக் கரை என்று நம் பக்கமே வந்தது. மெசபொடேமியாவுக்கும் சிந்துவெளிக்கும் கடல் வாணிபம் இருந்ததை முத்திரைகளும் களிமண் ஏடுகளும் முன்பே காட்டியிருந்ததால், இங்கே பயணமும் சான்றும் கைகோத்து நின்றன. 1978 ஏப்ரலில் ஜிபூட்டியில், சுற்றிலும் நடந்த போர்களைக் கண்டித்துப் படகைத் தாமே கொளுத்தினார். கடைசி ஆண்டுகளில் பழைய வட ஐரோப்பியரான நோர்ஸ் மக்களின் கடவுள் ஓடினை அசோவ் கடற்கரையில் தேடியபோது நார்வே அறிஞர்களே கையை உதறினார்கள். அந்தக் கட்டத்தை என்னாலும் காப்பாற்றிப் பேச முடியாது. 2002இல் இத்தாலியில் இறந்தார்.

உங்கள் கொக்கிக்கு வருகிறேன். நியூசிலாந்தின் வெலிங்டன் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அதைக் கண்டபோது மவோரிப் பெண்கள் அதில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல்காரரின் மணி அங்கே போயிருக்கிறது, இது உறுதி. அந்தக் கப்பலே போனதா, மணி மட்டும் கைமாறிப் போனதா, கைவிடப்பட்ட கப்பல் தானாக மிதந்து போனதா என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. கட்டுமரத்தில் போயிருக்க முடியுமா என்று கேட்டால், நல்ல காற்றும் குடிநீரும் கிடைத்தால் நான் மறுக்கமாட்டேன். போனோமா என்று கேட்டால், அங்கே உடைந்த பானையின் ஓட்டுத் துண்டையோ எலும்பையோ ஊர்ப்பேச்சில் ஒரு சொல்லையோ காட்டுங்கள், பேசலாம். இதுவரை கையில் இருப்பது அந்த மணி மட்டும்தான்.